ஜிகினா இட்ட தூண்டில்

மும்பையிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் நம்மவரில், விடுமுறை நாட்களில் தூண்டிற்கோலைத் தோளில் சார்த்திக்கொண்டு கடற்கரையை நோக்கிப் புறப்படுவோர் சிலர் உளர். சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் இவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "ஸார், உங்கள் ஜிக்கில் ஜிகினாத் தூள் எப்படி உதிராமல் நிற்கிறது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதைவிட, நமது பத்திரிகையிலேயே எழுதிவிடலாம் என்று துணிந்தேன்.

ஜிக் என்பது யாது என்று வினவும் சகோதரிகளுக்கு ஒரு சொல். தூண்டில் முள்ளின் கழுத்தில் ஓர் உலோகக் குண்டை வார்த்து, அதற்கு மீன் தலைபோலச் சாயம் தீட்டி, வாலுக்குச் சிறகோ நூலோ கட்டினால் அதுவே ஜிக். நீரில் எறிந்து, கோலை உயர்த்தியும் தாழ்த்தியும் ஆட்டினால், அடிபட்ட சிறு மீன் துள்ளித் துள்ளி விழுவதுபோல் தோன்றும். பெரிய மீன் ஏமாந்து கவ்வும்.

என் தகப்பனார் தூத்துக்குடிப் பக்கத்தில் வல்லத்தில் சென்று கைத்தூண்டில் போட்டுக் குடும்பத்தைக் காத்தவர். அவரும் பொய் இரை கட்டியவர்தாம். கோழிச் சிறகு, பிரித்த நைலான் கயிறு, யாரோ வீசி எறிந்த சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், இவைதாம் அவருடைய சரக்கு. நான் பத்தாம் வகுப்பு முடித்து, ரயில்வேயில் பார்சல் அலுவலகக் குமாஸ்தாவாகி, இவ்வளவு தூரம் வந்து சேர்ந்த பிறகு, முதன்முதலாக ஜிகினா இட்ட ஜிக் ஒன்றை ஊருக்கு எடுத்துச் சென்று காட்டினேன். அதை விரலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, மீனைப் பிடிக்கப் போறியா, கலியாணத்துக்கு அழைக்கப் போறியா?" என்றார்.

ஆயினும் ஜிகினா வெறும் அலங்காரமன்று. நெத்திலியும் சாளையும் மின்னுவதற்குக் காரணம் அவற்றின் தோலிலும் செதிலிலும் அடுக்கடுக்காக உள்ள குவானின் என்னும் பொருளின் மெல்லிய படிகங்கள். மீன் திரும்பும்போதெல்லாம் அவை ஒளியைச் சட்டென்று திருப்பி அனுப்புகின்றன. சாயம் நிறத்தைத் தருமே ஒழிய அந்தப் பளிச்சிடுதலைத் தராது. ஜிகினாத் தூள் என்பது அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாளை, பெரும்பாலும் அறுகோணமாக, நுண்ணியதாக வெட்டியதே. தூவும்போது ஒவ்வொரு துணுக்கும் ஒவ்வொரு சாய்வில் விழுவதால், ஆட்டும் பொழுதெல்லாம் ஏதோ ஓரிடத்தில் மின்னிக்கொண்டே இருக்கும்.

தூவுவதற்குமுன் வார்ப்பைப் பற்றிப் பேசியாக வேண்டும். இதில் நான் சற்றுக் கண்டிப்பாகவே எழுதுகிறேன், அன்பர்கள் பொறுத்தருள்க. நம்மவர் பலர் காரீயத்தைச் சமையலறை அடுப்பிலேயே உருக்குகின்றனர். (முன்பு சரக்கு வண்டிக் கதவுகளுக்கு இட்ட ஈய முத்திரைகளை நினைத்து என்னை யாரும் ஐயுற வேண்டா, என் உலோகம் காசு கொடுத்துக் கடையில் வாங்கியது.) காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அதன் தூசியும், மேலே படியும் சாம்பலும் பாத்திரத்திலும் கையிலும் ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளின் உடல், உட்செல்லும் ஈயத்தைப் பெரியவர்களின் உடலைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக ஈர்த்துக்கொள்ளும் என்றும், இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இங்கிலாந்தில் அன்னப் பறவைகள் ஈயக் குண்டுகளை விழுங்கி மாண்டமையால், 1987-இல் சிறு ஈயத் தூண்டில் குண்டுகளின் விற்பனையையே தடுத்துவிட்டார்கள்.

எங்கள் குவார்ட்டர்ஸில் இதைப் பற்றிப் பேச்செழுந்தபோது அடுத்த வீட்டு மாமி, "நாங்கள் ஈயச் சொம்பில்தானே ரசம் வைக்கிறோம்?" என்று திகைத்தார். என் மனைவிதான் விளக்கினாள்: "மாமி, உங்கள் சொம்பு வெள்ளீயம். இவர்கள் உருக்குவது காரீயம்." அவ்விடத்திலேயே எனக்கும் தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது. அன்று முதல் வெள்ளீயம்தான். அது 232 டிகிரியிலேயே உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு மறந்த இல்லத்தரசிகளுக்கு இது புதிய செய்தியன்று. விலை பல மடங்கு கூடுதல் என்பது மெய். எடையும் குறைவு: ஒரே அச்சில் வார்த்தால் காரீயக் குண்டின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வரும். ஆனால் மெதுவாக இறங்குவதால், நடு நீரில் திரியும் பாரைக்கும் கட்டாவுக்கும் அதுவே நன்று என்பது என் எண்ணம். எந்த உலோகமானாலும் அச்சில் ஒரு துளி ஈரமும் இருத்தல் கூடாது; உருகிய உலோகம் கண்ணில் தெறிக்கும். வார்ப்பது திறந்த வெளியில், கண்ணாடி அணிந்து, பிள்ளைகள் உறங்கும் நேரத்தில்.

இனிப் பூச்சு. குண்டை உப்புத்தாளால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவி உலர்த்துக. முதலில் வெள்ளைச் சாயம். வெள்ளை அடியில் இல்லாவிட்டால் மேல் நிறம் மங்கிக் கிடக்கும். அதன்மேல் முதுகுக்கு மட்டும் நீலமோ பச்சையோ இட்டு, வயிற்றை வெள்ளையாகவே விடுக. கடலில் திரியும் சிறு மீன்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சாயம் ஒரு நாள் முழுதும் உலரட்டும். எண்ணெய்ச் சாயம் உலராத நிலையில் நகப்பூச்சைத் தடவினால் சாயம் சுருங்கி எழும்.

உலர்ந்தபின் நிறமற்ற வார்னிஷோ நகப்பூச்சோ மெல்லியதாகத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே ஜிகினாவைத் தேயிலை வடிகட்டியில் இட்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து தட்டித் தூவ வேண்டும். வார்னிஷிலேயே தூளைக் கலந்து தீட்டுவாரும் உண்டு. தூள் குப்பியின் அடியில் தங்கிவிடும், தூரிகையில் வருவது கொஞ்சமே. தச்சர் ஒட்டும் வெள்ளைப் பசை நீரில் ஊறி வெளுத்துவிடும். அதை நாட வேண்டா. நெத்திலிக்கு நுண்தூள், சாளைக்குச் சற்றுப் பெருந்தூள். அடர்த்தியாகத் தூவினால் கல்யாணப் பந்தல்தான். அவ்வகையில் என் தகப்பனார் சொன்னது சரியே. அடியிலுள்ள சாயம் இடையிடையே தெரிய வேண்டும்.

தூள் நிற்பதற்குரிய இரகசியம் கடைசிப் பூச்சில் இருக்கிறது. பிசினும் கெட்டியாக்கியும் என இரு குழாய்களில் வரும் எப்பாக்ஸியை, உறையில் கூறிய அளவுப்படி கலந்து, முள்ளின் கண்ணை மட்டும் விடுத்து முழுவதும் மூடிவிடுக. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை இரண்டு ஜிக்குக்கே போதாது. மெதுவாக இறுகும் வகையே நல்லது. நூலில் கட்டித் தொங்கவிட்டு, இறுகும் வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை தலைகீழாகத் திருப்ப வேண்டும். இல்லையேல் பிசின் ஒரு பக்கம் தொங்கிவிடும். புற ஊதா விளக்கில் நொடியில் இறுகும் பிசினும் இப்போது கிடைக்கிறது, வசதியுள்ளோர் வாங்கலாம்.

மேல்பூச்சில் நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. உதிரும் ஒவ்வொரு துணுக்கும் கடலில் சேரும் பிளாஸ்டிக். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் உதிரிப் பிளாஸ்டிக் ஜிகினாவின் விற்பனைக்குத் தடை இருக்கிறது. தூவும்போது கீழே செய்தித்தாள் விரித்து, விழுந்ததைத் திரும்பக் குப்பியில் சேர்த்துவிடுக. மேல்பூச்சு விரிசல் கண்ட ஜிக்கை நீரில் போட வேண்டா. சுரண்டி மறுபடி பூசலாம்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக: கலங்கிய நீருக்குப் பொன்னிறம், தெளிந்த நீருக்கு வெள்ளியும் நீலமும். சிவப்பு ஒளிதான் நீரில் முதலில் மறைவது. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு ஜிகினா கறுத்துப் போகும். கடையில் அது அழகாகத்தான் இருக்கும்.

என் மகனுக்கு எட்டு வயது, இங்கேயே பிறந்தவன். பள்ளியில் அவன் அறிந்த மீன்கள் சுர்மையும் ரவாஸும்தான். கொடுவா, பாரை, கட்டா என்ற பெயர்களை இந்தச் சாய மேசையில்தான் கற்றான். வஞ்சிரத்தை எங்கள் ஊரில் சீலா என்போம், சென்னையில் சீலா என்றால் வேறு மீன் என்று நான் சொன்னதும், "தமிழிலேயே சண்டையா அப்பா?" என்று கேட்டான்.

தகப்பனார் இன்னொரு கேள்வியும் கேட்டார். அதற்கு விடை கூறுவது எளிதாயில்லை. "வயித்துக்கு இல்லாம மீன் பிடிக்கிறது என்ன பழக்கம்லே?" சிறியதை விட்டுவிடுகிறோம், பிடித்ததைச் சமைத்து உண்கிறோம் என்றேன். "அப்ப சம்பளத்துக்கு மீன் வாங்கித் தின்னுட்டுப் போ" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை.

சென்ற மாதம் அவரே தொலைபேசியில் அழைத்தார். தம்பி மகன் இப்போது வல்லத்தில் போகிறானாம். "பாரைக்கு ஆறு செஞ்சு அனுப்பு. தங்கக் கலர் வேண்டாம், தண்ணி தெளிஞ்சு கிடக்கு. வெள்ளி போதும், கொஞ்சமாத் தூவு" என்றார். ஆறும் பின்பக்கத் தாழ்வாரத்துக் கொடியில் தொங்குகின்றன. மகன்தான் மணிக்கூண்டுக்காரன்போல நேரம் பார்த்துத் திருப்பிக்கொண்டிருக்கிறான். அடுத்த வாரம் ஊருக்குப் புறப்படும் அன்பர் எவரேனும் இருந்தால் தெரிவிக்கவும், சிறிய பொட்டலம்தான்.