பரோலோ: வைன் விளையும் குன்றுகள்

பாணில் நுட்டெல்லா பூசிச் சாப்பிடாத பிள்ளை எங்கள் வீடுகளில் இல்லை. அது பிறந்த ஊர் வட இத்தாலியிலுள்ள ஆல்பா. தூரின் நகரிலிருந்து தெற்கே சுமார் 60 கிலோமீற்றர். ஆல்பாவிலிருந்து இன்னும் 15 கிலோமீற்றர் மலைப்பாதையில் போனால் பரோலோ வரும். ஏறத்தாழ 700 பேர் வாழும் சிறு கிராமம். இத்தாலியின் மிகப் பெயர்பெற்ற சிவப்பு வைன்களில் ஒன்று இந்தக் கிராமத்தின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

சுவிசிலிருந்து நாங்கள் இரண்டு குடும்பங்களாகக் காரில் போனது ஒரு நவம்பர் மாதம். அறுவடை முடிந்து, கொடிகளின் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறியிருந்தன. பள்ளத்தாக்கில் பனிப்புகார், அதற்கு மேலே குன்றுகளின் தலைகள். இத்தாலிய மொழியில் 'நெபியா' என்றால் மூடுபனி. இங்கு விளையும் 'நெபியோலோ' என்ற திராட்சைக்கு அதனால்தான் அப்பெயர் வந்தது என்று சொல்வார்கள். எங்களூரில் முந்திரிகை என்று நாம் சொல்லும் அதே பழத்தின் ஓர் இனம்தான் இது. மற்ற இனங்களை விடப் பிந்தி, ஒக்டோபரில்தான் முற்றும்.

லாங்கே என்று அழைக்கப்படும் இந்தக் குன்றுகளை யுனெஸ்கோ 2014இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இன்று உல்லாசப் பயணிகள் வந்து படம் பிடிக்கும் இடம். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் பல ஆண்டுகள் இது பட்டினி மண்ணாகவே இருந்தது. ஆல்பாவில் பிறந்த எழுத்தாளர் பெப்பே ஃபெனோலியோ 1954இல் எழுதிய 'லா மலோரா' என்ற நாவல், வறுமையால் வேறொரு கமக்காரனிடம் வேலைக்கு விடப்பட்ட ஒரு பையனின் கதை. பலர் ஆர்ஜென்ரீனாவுக்கும் பிரான்சுக்கும் போனார்கள், பின்னர் தூரின் கார்த் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். 1946இல் ஆல்பாவில் தொடங்கிய ஃபெரெரோ இனிப்புத் தொழிற்சாலை, கிராமங்களுக்கு பஸ் அனுப்பித் தொழிலாளரை ஏற்றி இறக்கியது. பகலில் தொழிற்சாலை, மாலையில் தோட்டம் என்று சில குடும்பங்கள் ஊரை விடாமல் இருக்க அது உதவியது. இன்று அதே தோட்டங்களில் பழம் பறிப்பவர்களில் பலர் மசிடோனியாவிலிருந்தும் ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். போனவர்களின் மண்ணுக்கு வேறு நாட்டவர் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

பரோலோ வைனுக்குச் சட்டம் கடுமையானது. 1980இல் இத்தாலியின் மிக உயர்ந்த தரப் பிரிவு இதற்குக் கிடைத்தது. 11 கிராமங்களின் எல்லைக்குள் விளைந்த நெபியோலோவைத் தவிர வேறு பழம் கலக்கக் கூடாது. அறுவடை ஆண்டின் நவம்பரிலிருந்து 38 மாதங்கள் வைத்திருக்க வேண்டும், அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாவில். அதற்கு முன் விற்க முடியாது. சிறு குடும்பம் ஒன்றுக்கு இதன் பொருள், இன்றைய உழைப்பின் காசு கைக்கு வர மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதே.

இந்தப் பீப்பாவை வைத்தே இங்கு தந்தையருக்கும் பிள்ளைகளுக்கும் பெரும் பிணக்கு நடந்தது. எலியோ அல்தாரே என்ற இளைஞர் பிரான்சின் பூர்கோன் பகுதிக்குப் போய், அங்குள்ள கமக்காரர் நன்றாக வாழ்வதைக் கண்டு வந்தார். 1983இல் மரம் அரியும் இயந்திர வாளை எடுத்துத் தகப்பனின் பழைய பெரிய பீப்பாக்களை அறுத்துத் தள்ளினார். அவற்றின் இடத்தில் 225 லீற்றர் கொள்ளும் சிறிய பிரெஞ்சுப் பீப்பாக்களை வைத்தார். தகப்பன் அவருக்குச் சொத்தில்லை என்று எழுதிவிட்டார். மறுபக்கத்தில் பார்த்தோலோ மஸ்கரெல்லோ என்ற பெரியவர் பழைய முறையை விடவே மாட்டேன் என்று நின்றார். 2005இல் அவர் காலமான பின் மகள் மரியா தெரேசா அதே முறையைத் தொடர்ந்தார். இன்று இரண்டு பக்கத்தாரின் வைனுக்கும் உலகெங்கும் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

நாங்கள் போன வீடு அவ்வளவு பெயர் பெற்றதல்ல. தகப்பனும் மகளும் நடத்தும் சிறிய தோட்டம். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுத்தான் போனோம். வீட்டின் கீழ் நிலவறை, அதில் ஆளுயரத்துக்கு மேலான பீப்பாக்கள். தகப்பன் பியெமொந்தே மொழியில் பேசினார், மகள் இத்தாலிய மொழியில் பதில் சொன்னாள். தெசினில் வாழும் எங்கள் நண்பருக்கு இத்தாலியன் நன்றாகத் தெரியும். ஆனால் தகப்பன் சொன்னது அவருக்கும் பாதிதான் விளங்கியது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லும் பிள்ளைகளை வைத்திருக்கும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த மகள் மொழியை விட்டாலும் தொழிலை விடவில்லை.

சுவைப்பது எப்படி? கிண்ணத்தில் இரண்டு விரற்கடைதான் ஊற்றுவார்கள். நிறம் கறுப்பாக இராது. வெளிச்சத்தில் பிடித்தால் ஓரம் செங்கல் நிறமாகத் தெரியும். மெல்லச் சுழற்றி மணந்தால் காய்ந்த ரோசாப்பூவும் தாரும் சேர்ந்த மணம். குடிக்காதவர்களும் மணக்கலாம், வாயில் வைத்துவிட்டு அங்குள்ள பாத்திரத்தில் துப்பவும் செய்யலாம். அது மரியாதைக் குறைவல்ல. எங்களில் இருவர் அப்படித்தான் செய்தார்கள். வாயில் வைத்ததும் முதலில் வருவது துவர்ப்பு. பாக்குப் போலவும் நாவற்பழம் போலவும் நாக்கை இறுக்கும். ஊரில் கயர்ப்பு என்போமே, அதுதான். ஆறு சுவையில் இதையும் ஒன்றாக எண்ணும் நமக்கு இது புதிதல்ல. தகப்பன் உடனே ஒரு துண்டு முற்றிய பாற்கட்டியைத் தந்தார். அதோடு சேர்ந்ததும் துவர்ப்பு அடங்கி இனிமை மேலே வந்தது. சாப்பாட்டோடு, சிறிதளவு, குடும்பத்தோடு இருந்து என்பதே இவர்களின் வழக்கம்.

குடியால் எங்கள் சில வீடுகள் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். ஒரு போத்தலுக்கு விலை கூட என்பதால் அது குடியல்ல என்று ஆகிவிடாது. காரோடு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தாலியில் இரத்தத்தில் லீற்றருக்கு 0.5 கிராம் வரைதான் அனுமதி. சாரதிப்பத்திரம் எடுத்து மூன்று ஆண்டுகள் ஆகாதவர்களுக்குப் பூச்சியம். ஓட்டுபவர் துப்புவதே நல்லது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். 1986இல் மெதனோல் கலந்த மலிவு வைனைக் குடித்து இத்தாலியில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் யார் செய்தது என்ற கேள்வி முக்கியமாயிற்று. போத்தலில் 'இம்பொத்திலியாத்தோ அல்லொரிஜினே' என்று இருந்தால், தோட்டக்காரரே அடைத்தது என்று பொருள். கழுத்தில் இலக்கமிட்ட அரச முத்திரைத் தாளும் இருக்க வேண்டும். பரோலோ கைக்கு எட்டாவிட்டால் அதே குடும்பத்தின் 'லாங்கே நெபியோலோ'வைக் கேளுங்கள். அதே இனப் பழம், காத்திருப்பு குறைவு, விலையும் குறைவு.