வீச்சுவலையும் விராலடிப்பானும்

2012 ஜூனில் வேல்ஸ் நாட்டின் டவி ஆற்றுப் பக்கம் காற்றும் மழையும் விடாமல் அடித்தன. அங்கே கம்பத்தின் உச்சியில், மீன் பிடித்துத் தின்னும் பருந்தான விராலடிப்பானின் கூடு ஒன்று. அதிலிருந்த மூன்று குஞ்சுகளில் இரண்டு செத்துப்போயின, மூன்றாவது சாகக் கிடந்தது. கூட்டுக்கு மேலே நேரலைக் கேமரா இருந்ததால் இதெல்லாம் ஊருலகத்துக்கே தெரிந்தது. காப்பகத்து ஆட்கள் ஏறிக் குஞ்சை இறக்கி, மீன் ஊட்டி, திரும்பக் கூட்டில் வைத்தார்கள். அது தேறியது. கைலன் என்று பெயர் வைத்தார்கள். கோடை முடிந்ததும் ஆப்பிரிக்காவுக்குப் பறந்த கைலன், அங்கே ஒரு மீன்வலையில் சிக்கி மாண்டது.

கூட்டின் பக்கம் கேமரா இருந்தது. வலையின் பக்கம் இல்லை. அது யாருடைய வலை, ஏன் ஆளில்லாமல் கிடந்தது என்பதெல்லாம் நான் படித்த எந்தச் செய்தியிலும் வரவில்லை. கூட்டுக் கேமராக்களின் முன்னால் ராத்திரி ராத்திரியாக உட்காருகிறவன் நான். மொன்டானாவின் ஐரிஸ் என்ற பெட்டை விராலடிப்பான், ஸ்காட்லாந்தின் ஆர்கெய்க் ஏரிக் கூடு என்று எல்லாம் பழக்கம். முட்டை பொரிக்கும் நேரத்தில் தூக்கம் கெட்டுப்போகும். இந்தப் புலம்பலைக் கேட்டுச் சலித்த நாகர்கோவில் நண்பர், "வெள்ளாயணிக்கு வாரும். அதே ஜாதிப் பறவையையும் காட்டுறேன், வலைக்காரரையும் காட்டுறேன்" என்றார். அவருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை.

தென்னிந்தியாவில் விராலடிப்பான் கூடு கட்டுவதில்லை. ஐப்பசி வாக்கில் வரும், பங்குனியோடு கிளம்பிவிடும். குடும்பம், குஞ்சு எல்லாம் வடக்கே. இங்கே வருவது பிழைப்புக்கு மட்டும். கூட்டுக் கேமராவுக்கு இங்கே வேலையே கிடையாது.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து புஞ்சக்கரிக்கு அதிக தூரமில்லை. ‘கிரீடம்’ மலையாளப் படம் எடுத்த பாலத்தில் இன்றைக்கும் ஜோடி ஜோடியாக நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அதைத் தாண்டினால் வயல், அப்புறம் வெள்ளாயணிக் காயல். காயல் என்கிறார்களே தவிர, நல்ல தண்ணீர் ஏரி. ஒரு பக்கம் தாமரை, மறு பக்கம் ஆகாயத்தாமரை. நடுவில் பாம்புத்தாரா, நீர்க்காகம், நாமக்கோழி.

பறவை பார்க்கிறவர்களுக்குப் பேர்போன ஊர் இது. ‘இந்துசூடன்’ என்ற பெயரில் எழுதிய கே. கே. நீலகண்டன் இங்கே யூனிவர்சிட்டி கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். ‘கேரளத்திலெ பட்சிகள்’ 1958-இல் வந்தது. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு நடந்து, 361 வகைப் பறவைகளைப் பதிந்து கேரளப் பறவை அட்லஸ் தயாரித்தார்கள். அப்படிப்பட்ட ஊரிலும், விராலடிப்பான் எத்தனை மணிக்கு எந்தக் கம்பத்தில் வந்து உட்காரும் என்று நண்பருக்குச் சொல்லிக்கொடுத்தவர் காயலில் வலை வீசும் ஒருவர்தான். நண்பர் அவரை ‘அண்ணன்’ என்றார். நானும் அப்படியே அழைத்தேன். அறுபதைத் தாண்டியவர். அம்மா ஊர் தக்கலைப் பக்கம் என்பதால் எங்களோடு குமரித் தமிழிலேயே பேசினார்.

"எந்தர் சாரே இது, பீரங்கியா?" என்று என் லென்ஸைப் பார்த்துக் கேட்டுவிட்டு வலையை எடுத்தார்.

அவருடைய வலையை அவரே பின்னுகிறார். முட்டத்தறையில் மீனவர் கூட்டுறவு அமைப்பான மத்ஸ்யஃபெட்டின் வலைத் தொழிற்சாலை இருக்கிறதே என்றேன். அது கடலுக்குப் போகிறவர்களுக்கு என்றார். வீச்சுவலை வட்டமானது. உச்சியில் கொஞ்சம் கண்ணிகளோடு தொடங்கி, இறங்க இறங்கக் கண்ணி கூட்டிக்கொண்டே வர வேண்டும். எந்தச் சுற்றில் எத்தனை கூட்டுவது என்பதில்தான் வலை விரிவதும் சுருண்டு விழுவதும் இருக்கிறது. ஊசியும், கண்ணி அளவுக்கு ஒரு சிறு பட்டைக் குச்சியும் போதும். விளிம்பைச் சுற்றி ஈயக்குண்டுகள். விளிம்பை உள்பக்கம் மடக்கிக் கட்டிய மடியில்தான் மீன் மாட்டும். நூலுக்குச் சாயம் ஏற்றுவது பற்றியும் நிறையச் சொன்னார். எனக்கு மண்டையில் ஏறவில்லை.

வீசுவதைப் பார்க்க வேண்டும். வள்ளத்தின் மூக்கில் நின்று கயிற்றுச் சுருக்கை இடது மணிக்கட்டில் மாட்டினார். வலையில் ஒரு பங்கை இடது முழங்கையில் போட்டு, விளிம்பில் ஓரிடத்தைப் பல்லில் கடித்து, மிச்சத்தை வலது கையில் அள்ளினார். இடுப்பு ஒரு பக்கம் திரும்பியது. அப்புறம் எல்லாம் ஒன்றாக விடுபட்டது. வலை ஆகாயத்தில் முழு வட்டமாக நின்று விழுந்தது. வள்ளம் அசையவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

"ஈயத்த வாயில வைக்காதன்னு டாக்டர் சொன்னாரு. அப்பம் எனக்க மூணாவது கை எங்கன்னு கேட்டேன்" என்று சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை.

இரண்டு கரிமீன், கொஞ்சம் சிலேபி. கரிமீனை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்.

"பாத்தியளா, வந்தாச்சு" என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வெள்ளை வயிறு, நீண்ட இறக்கை. ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்றது, கொஞ்சம் இறங்கியது, மறுபடி நின்றது. பிறகு கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முழுசாகப் போனது. மற்ற பருந்துகள் நீர்ப்பரப்பை உரசிக்கொண்டு மீனெடுக்கும். இது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஆழம்வரை பாயும். மூக்குத் துளையை மூடிக்கொள்ளும். வெளிவிரலைப் பின்னால் திருப்பி, முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று மீனைப் பிடிக்கும். உள்ளங்காலில் முள் முள்ளாக இருப்பதால் வழுக்காது. எழும்பியதும் நாயைப் போல உடம்பை உதறியது, மீனின் தலையை முன்பக்கமாகத் திருப்பிக்கொண்டது. காற்று எதிர்க்காமல் இருக்க அந்த ஏற்பாடு. கேமராவில் பார்ப்பதெல்லாம் இதற்குப் பிறகு நடப்பது: கூட்டில் மீன் வந்து விழும், பெட்டை வாங்கிக் குஞ்சுக்குக் கிழித்துக் கொடுக்கும். சம்பாதிக்கிற இடம் அதில் வராது.

மீனோடு பாதி தூரம் போவதற்குள் இரண்டு செம்பருந்துகள் துரத்தின. மேலேயும் கீழேயுமாக நெருக்கி மீனைக் கீழே போட வைப்பது அவற்றின் வழக்கம். இந்த முறை விராலடிப்பான் தப்பியது.

"உங்க தரகரும் இப்படித்தானோ?" என்று நண்பர் வம்புக்கு இழுத்தார்.

"பருந்தாவது பறக்கணும்லா? அவரு இருந்த இடத்துல இருக்காரு" என்றார் அண்ணன்.

தரகர்தான் வள்ளத்துக்கு முன்பணம் கொடுத்தவர். அந்தக் கடன் தீரும்வரை மீன் அவருக்குத்தான், விலையும் அவர் சொல்வதுதான். கடன் தீர்வதுபோல் வரும்போது மகள் கல்யாணமோ ஆஸ்பத்திரியோ வந்து மறுபடி வாங்க வேண்டியிருக்கும். கோவளம் பக்கத்து ஓட்டலில் ஒரு கரிமீன் பொள்ளிச்சதுக்கு வாங்கும் காசு, தனக்கு ஒரு கிலோவுக்குக் கிடைப்பதில்லை என்றார். 2021-இல் கேரளம் மீன் ஏலத்துக்கென்றே சட்டம் போட்டது. ஏலத் தரகு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நல்ல சட்டம். ஏலம் நடக்கும் துறைமுகத்தில் அது உதவலாம். ஒரே ஆள் வாங்க, ஒரே ஆள் விற்க, கரையோரம் ஸ்கூட்டரில் வந்து தூக்கிக்கொண்டு போகும் மீனுக்கு ஏலமேது, சதவீதமேது? வேலை செய்பவனைத் தவிர மற்ற எல்லாருக்கும் பங்கு நிச்சயம் என்பதுதான் நம் நாட்டில் மீனின் கணக்கு, நெல்லின் கணக்கு, நெசவின் கணக்கு.

விலை கட்டாததால்தான் வீச்சுவலையும் போகிறது. வீசுகிறவன் காலை முழுக்க நிற்க வேண்டும். நைலான் நரம்பில் செய்த தங்கூஸ் வலை என்றால் சாயங்காலம் கட்டிவிட்டுப் போகலாம், பகலில் கொத்தனார் வேலைக்கோ ஆட்டோ ஓட்டவோ போகலாம், விடியும்போது வந்து எடுக்கலாம். இளவட்டங்கள் எல்லாரும் அதுதான். தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாத அந்த நரம்பில் மீனோடு நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மாட்டிச் சாகின்றன. அண்ணன் அறுத்து விட்டிருக்கிறார், உயிரோடிருந்தால். வீச்சுவலையில் பறவை மாட்டாது, ஏனென்றால் அதன் ஒரு முனையில் எப்போதும் ஒரு மனிதன் இருக்கிறான். கைலன் மாட்டிய வலையைக் கட்டியவனும் பகலில் வேறு கூலிக்குப் போயிருப்பானோ என்னவோ.

மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. வர வேண்டாம் என்று இவர்தான் சொன்னாராம்.

கிளம்பும் நேரத்தில் நண்பருக்கு ஒரு யோசனை. விராலடிப்பான் உட்காரும் கம்பத்துக்கு எதிரே ஒரு கேமரா வைத்து நேரலை ஓட்டினால் என்ன? உலகம் முழுக்கப் பார்ப்பார்கள், காயலுக்கும் பேர் வரும் என்றார். சோலார், மெமரி கார்டு என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே போனோம். அண்ணன் வலையை உதறிக் காயப்போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வைக்கணும்னா அந்தால வையுங்க" என்று காக்காமூலைப் பக்கம் கையைக் காட்டினார். "ராத்திரி எவன் வள்ளத்த அவுத்துட்டுப் போறான்னு தெரியணும். போன மாசம் ரெண்டு துடுப்பு போச்சு."