சீனியில் எழுந்த சங்கடப்படலை

மணவிழாவிற் கேக் வெட்டும் வழக்கம் நம் முன்னோர் அறிந்ததன்று. ஐரோப்பியரோடு இத்தீவுக்கு வந்த அது, இன்று சைவ இல்லங்களின் வரவேற்பு வைபவங்களிலும் இடம்பிடித்துக்கொண்டது. ரவையும் மரமுந்திரிகைப் பருப்பும் பழப்பாகும் சேர்த்துச் செய்த கேக்கைத் துண்டுகளாக்கி, சிறு பெட்டிகளில் இட்டு விருந்தினர் கையிற் கொடுப்பது நம் நாட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆயினும், உச்சியில் நிற்கும் அலங்காரம் மட்டும் இன்னும் நம்முடையதாகவில்லை. கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் பொம்மைச் சோடி ஒன்று, யார் வீட்டுக் கலியாணமாயினும் அதே புன்னகையுடன் நின்றுகொண்டிருக்கிறது.

அலங்காரம் என்பது அவ்வாறு ஆளறியாப் பொருளாக இருக்கவேண்டியதில்லை. 1840ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆந் திகதி விக்ரோரியா மகாராணிக்கு மணம் நிகழ்ந்தபோது, ஏறக்குறைய 300 இறாத்தல் நிறையுடைய கேக்கின் மேல், பிரித்தானியா என்னும் நாட்டுத் தேவதை மணமக்களை வாழ்த்துவதாக உருவம் அமைத்தார்கள். காலடியில் நாயொன்றும் இருந்தது. அது நன்றி மறவாமைக்கு அடையாளமாம். நூறாண்டு கழிந்து 1940இல், போர்க்கால நெருக்கடியால் கேக்குக்கு ஐசிங் இடுவதையே அந்நாட்டு அரசு தடைசெய்தது. அப்போது மக்கள் வெள்ளைக் கடதாசி மட்டையாற் செய்த கூட்டைக் கேக்கின்மேற் கவிழ்த்து மணவிழாவை நடத்தினார்கள். சீனிக்குப் பஞ்சம் வந்தபோதும் அலங்காரத்தைக் கைவிட மனம் வரவில்லை போலும்!

எங்கள் பெறாமகளின் திருமணம் ஆவணியில் நிச்சயமானபோது இவற்றையெல்லாம் நாம் எண்ணிப்பார்க்க நேர்ந்தது. “சின்னம்மா, எங்கடை ஊர்ச் சாமான் ஒண்டு கேக்குக்கு மேலை நிக்கவேணும்” என்றாள் அவள். கொழும்பிலே பிறந்து வளர்ந்த பிள்ளை. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கை விட்டுச் சனங்கள் இடம்பெயர்ந்தபோது எங்கள் குடும்பமும் வெளியேறியது. பல ஆண்டுகளின் பின் காணி விடுபட்டது. ஆனால், வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் பற்றைக்காடுமே மிஞ்சியிருந்தன. அந்த வீட்டுச் சங்கடப்படலையையே செய்வதென முடிவு செய்தோம். வழிப்போக்கரும் ஒதுங்கி இளைப்பாறும்படி கூரை வேய்ந்த அந்தப் படலையைக் கடந்துதான் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் மணமகளாக வெளியே சென்றார்கள்.

செய்முறை அரியதன்று, பொறுமையே வேண்டும். 450 கிராம் ஐசிங் சீனிக்கு இரண்டு தேக்கரண்டி ஜெலற்றினும் நான்கு மேசைக்கரண்டி தண்ணீரும் போதும். ஜெலற்றினைத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்துக் கரைத்து, அரித்த சீனியிற் சேர்த்துப் பிசைந்தால் களிமண் போன்ற பசை கிடைக்கும். அதனைச் சோளமா தூவிய பலகையில் மெல்லிதாக உருட்டி, மட்டையில் வெட்டிய அச்சுக்களை மேலே வைத்துக் கூரிய கத்தியால் அறுக்கவேண்டும். பசை விரைவிற் காயுமாதலால், எஞ்சியதை ஈரத்துணியால் மூடிவைத்தல் அவசியம். அறுத்த துண்டுகளை நாளுக்கு இருமுறை புரட்டிப்போட்டால் கோணாமற் காயும். பின்னர், முட்டை வெண்கருவும் ஐசிங் சீனியும் சில துளி தேசிக்காய்ச் சாறும் அடித்த கலவையால் அவற்றை ஒட்டலாம். ஆடிமாதத்துச் சோளகக் காற்று இவ்வேலைக்கு நல்ல துணை. மாரியில் தொடங்கினாற் பசை இளகிக் கையில் ஒட்டும். மேசையின் நான்கு கால்களையும் நீர்க்கிண்ணங்களில் நிறுத்தியதால் எறும்புகளும் எம்மை அணுகவில்லை.

இவை யாவும் எளிதாயின. அளவுதான் கடினமாயிற்று. வீட்டின் புகைப்படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குந்து வலப்புறமா இடப்புறமா? தூண்கள் மரமா, கல்லா? இதனை அறிந்தவர் எங்கள் தமையன்மார் இருவரே. அவர்களோ, விடுபட்ட அந்தக் காணியின் எல்லைபற்றிய பிணக்கால் நான்கு ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளாதவர்கள்; ஒருவர் கனடாவில், மற்றவர் கோண்டாவிலில். நாம் இருவரிடமும் தனித்தனியே கேட்டோம். விடைகள் முரண்பட்டன. இளையவர் சொன்னதை மூத்தவரிடம் சொன்னபோது, “அவனுக்கு அப்ப ஏழு வயது, என்ன தெரியும்? அவனைக் கூப்பிடு, நான் சொல்லுறன்” என்றார். தொலைபேசியில் இருவரும் ஒன்றரை மணிநேரம் வாதாடினார்கள். குந்து இடப்புறம், தூண்கள் பனைமரம், மழைநாளில் ஐயா அங்கே நின்று குடையை உதறிவிட்டே உள்ளே வருவார். இவை முடிவாயின. காணி எல்லைபற்றி ஒரு சொல்லும் எழவில்லை. அப்பிணக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. ஆனால், மூத்தவர் கலியாணத்துக்கு விமானமேறி வந்தார்.

கிடுகுக் கூரைக்குப் பசையின்மீது சீப்பின் பல்லாற் கோடிழுத்து, கொக்கோத்தூளைத் தூரிகையாற் பூசினோம். மணமக்களின் பொம்மையை வைக்கவில்லை. படலையைத் திறந்தபடி விட்டோம். மண்டபத்திலே தமையன்மார் இருவரும் கேக்கின்முன் நெடுநேரம் நின்றார்கள். “குந்து கொஞ்சம் உயரமடி” என்றார் இளையவர். மூத்தவர் மறுக்கவில்லை.

சீனிப் படலை நெடுங்காலம் நில்லாது. கண்ணாடிப் பெட்டியில் வைத்தாலும் ஈரக்காற்று ஒருநாள் அதனைத் தளர்த்திவிடும். ஆனால், அதற்காக வரைந்த அளவுப் படம் மணமகளிடம் இருக்கிறது. அடி, அங்குலம் யாவும் அதிற் குறித்திருக்கிறோம். மாணவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு படலையோ கிணற்றடியோ முதியோர் நினைவில் மட்டும் நின்றுகொண்டிருக்கலாம். கலியாணம் வரும்வரை காத்திராமல், ஓர் அளவுகோலும் கடதாசியும் எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் இன்றே அமருங்கள். இருவர் இருந்தால் இருவரையும் ஒன்றாகவே கேளுங்கள்.