காத்திருக்கக் கற்றுத்தந்த தம்பி

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிய ஒரு மணித்தியாலம் ஆகும். காரணம், 5 வயதான என் தம்பி. புட்டைக் கரண்டியில் அள்ளி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி கொட்டிவிடும். மீண்டும் அள்ளுவான். நாங்கள் யாரும் குறுக்கே கை நீட்டுவதில்லை.

தம்பிக்குப் பெருமூளை வாதம். பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்துக்குள்ளோ வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்பால் இது வருகிறது. இது தொற்றுநோயல்ல, யாருடைய பாவத்துக்கும் கிடைத்த தண்டனையுமல்ல. மூளையில் ஏற்பட்ட அந்தப் பாதிப்பு வயதோடு கூடுவதில்லை. ஆனால் பயிற்சி இல்லாவிட்டால் இறுகிய தசைகள் மேலும் குறுகிவிடும். சிறுவயதில் மூளை புதியவற்றைப் பழகிக்கொள்ளும் ஆற்றல் அதிகம் என்பதால்தான் பயிற்சியைக் காலம் தாழ்த்தாமல் தொடங்கச் சொல்கிறார்கள்.

இயன் மருத்துவரிடம் வாரத்தில் அரைமணி நேரம்தான் கிடைக்கும். மிச்ச நேரமெல்லாம் வீடுதான் பயிற்சி நிலையம். சுபஹுத் தொழுகை முடிந்ததும் உம்மா அவனுடைய கெண்டைக்கால் தசைகளை மெதுவாக நீட்டிவிடுவார். வாப்பா பலகையில் ஒரு கதிரை செய்து கொடுத்தார். முதுகு நிமிர்ந்து, பாதங்கள் தரையில் பதிய அதில் இருந்தால் அவனது கைகள் அவன் சொல் கேட்கும். உம்மம்மா கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கினார்.

நான் செய்த உதவிதான் பிழையானது. அவன் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் கரண்டியை வாங்கி ஊட்டிவிடுவேன். அதைப் பாசம் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் இயன் மருத்துவர், “நீங்களே ஊட்டினால் தம்பி எப்ப பழகுறது?” என்று கேட்டார். மனம் நொந்தது. அன்றிரவு கைகளைக் கட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் இருந்தேன். பலமுறை கொட்டினான். கடைசியில் ஒரு வாய் உள்ளே போனது. என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் ஊட்டிய நாட்களில் ஒருமுறையும் அப்படிச் சிரித்ததில்லை.

இந்தியாவில் 1966 இல் பிறந்த மாலினி சிப்புக்கும் இதே நிலைதான். அவருடைய தாய் மிது ஆலூர், இத்தகைய பிள்ளைகளுக்காக 1972 இல் பம்பாயில் ஒரு நிலையத்தை ஆரம்பித்தார். மாலினி லண்டனில் முதுகலைப் பட்டங்கள் பெற்றார். ஒரே விரலால் தட்டச்சுச் செய்து தன் வாழ்க்கையை நூலாக்கினார். அந்த ஒரு விரல் எழுதி முடிக்கும்வரை அவரைச் சுற்றி இருந்தவர்கள் எவ்வளவு காத்திருந்திருப்பார்கள்!

ஸப்ர் என்றால் துன்பத்தைச் சகித்துக்கொள்வது என்று மட்டும்தான் விளங்கி வைத்திருந்தேன். மற்றவர் தன் வேலையைத் தானே முடிக்கும்வரை காத்திருப்பதும் ஸப்ர்தான் என்று தம்பி எனக்கு விளங்க வைத்தான்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டு அவன் முதலாம் தரத்துக்குப் போகிறான். இப்போது வசனம் பேசுகிறான். சொற்கள்தான் மெதுவாக வரும். சோதரிகளே, இப்படி ஒரு பிள்ளையை எங்காவது சந்தித்தால், அவன் வசனத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். கொஞ்சம் காத்திருங்கள். அவன் சொல்லி முடிப்பான்.