விண்ணப்பத்துக்கும் வகுப்புக்கும் நடுவே

அமெரிக்காவில் மருத்துவக் கல்வி பள்ளிப்படிப்பை அடுத்து நேராகத் தொடங்குவதில்லை. நான்காண்டு இளங்கலைப் படிப்பும் 'எம்கேட்' எனப்படும் நுழைவுத் தேர்வும் அதற்கு முன்னால் நிற்கின்றன. இன்று அங்கே மருத்துவக் கல்லூரியில் சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், பட்டம் பெற்றபின் குறைந்தது ஓராண்டு இடைவெளி விட்டே வருகின்றனர். 'கேப் இயர்' என்பது இந்த இடைவெளி ஆண்டுதான்.

விண்ணப்பங்கள் ஜூன் வாக்கில் சமர்ப்பிக்கப்பட்டு, நேர்காணல்கள் மறு வசந்தம் வரை நீண்டு, வகுப்புகள் அடுத்த ஆண்டு கோடையின் இறுதியில்தான் தொடங்குகின்றன. ஆகவே மே மாதம் பட்டம் பெற்று ஜூனில் விண்ணப்பிப்பவர் அதன்பின் ஏற்கும் வேலை, 'ஆம்காஸ்' என்னும் பொது விண்ணப்பத்தின் 15 அனுபவக் கட்டங்களில், இனிச் செய்யவிருக்கும் பணியாக மட்டுமே இடம்பெற முடியும். படிவத்தில் எது எடுபடும் என்று கணக்கிட்டு வேலை தேடுவோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்: அந்த ஆண்டின் உழைப்பு தேர்வுக்குழுவைவிட உழைப்பவரையே அதிகம் சென்றடைகிறது.

மிகப் பலர் நாடுவது 'ஸ்கிரைப்' பணி, அதாவது மருத்துவர் நோயாளியோடு பேசுகையில் அருகிருந்து குறிப்புகளைக் கணினியில் பதியும் வேலை. மின்னணு மருத்துவப் பதிவேடுகளை ஊக்குவித்த 2009ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், தட்டச்சுச் சுமையால் மருத்துவர்கள் திணறியபோது இவ்வேலை பெருகியது. நெஞ்சுவலி என்று வந்தவரிடம் எந்தக் கேள்வி ஏன் முதலில் கேட்கப்படுகிறது என்பதை நாள்தோறும் அருகிருந்து கற்க முடிவது இதன் பெரும்பேறு. ஆனால் ஸ்கிரைப் நோயாளியைத் தொடுவதில்லை.

தொடும் வேலை செவிலியர் உதவியாளருடையது. கூட்டரசு விதிப்படி குறைந்தது 75 மணிநேரப் பயிற்சியும் தேர்வும் முடித்து முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேரும் அவர், படுக்கையில் கிடப்பவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மலசலம் துடைத்து, படுக்கைப்புண் வராதபடி சில மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறார். மறதிநோயால் தன் மகளையே அறியாத ஒருவர் கையை ஓங்கும்போதும் குரலை உயர்த்தாதிருக்கப் பழகுகிறார். வேறு சிலர் தேர்ந்தெடுப்பதுபோல் ஆய்வகத்தில் கழியும் ஆண்டு அறிவியலைக் கற்பிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் குணமாகாத உடலின் அருகில் ஒருவரால் பொறுமையோடு இருக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை தருவது இந்த வேலையே. மருத்துவரின் கட்டளைக்குப்பின் யாருடைய முதுகு வலிக்கிறது என்பதை இங்கு அறிந்தவர், பிற்காலத்தில் கட்டளையிடும் விதமும் வேறாக இருக்க வாய்ப்புண்டு.

எனினும் இந்த வேலையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. உதவியாளரின் ஊதியம் குறைவு. கூட்டரசுக் கல்விக் கடனின் தவணையோ பொதுவாகப் பட்டம் பெற்ற ஆறு மாதங்களில் தொடங்கிவிடுகிறது. வறிய மாணவர்களுக்கு விண்ணப்பக் கட்டணத்தில் சலுகை உண்டு; வீட்டு வாடகையில் அப்படியொன்றும் இல்லை. குடும்பத்தைத் தாங்குவதற்காகக் கிடங்கிலோ உணவகத்திலோ ஓராண்டு உழைத்தவரைத் தேர்வுக்குழுக்கள் ஆய்வகத்திலிருந்து வருபவரைவிடக் குறைத்து எடைபோட நியாயமான காரணம் எதுவும் இல்லை.