காஞ்சியில் ஓர் இங்கிலீஷ் பாடம்

காஞ்சீபுரத்துக்குப் போகிறவர்கள் ஏகாம்பரநாதரையும் காமாக்ஷியையும் வரதராஜரையும் தரிசித்த கையோடு, காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளிலும் நுழையாமல் திரும்புவதில்லை. கோவில்களைப் பற்றி எழுதினவர் பலர். இங்கிலீஷ் உபாத்தியாயனாகிய நான் கவனித்ததோ புடைவைகளில் தொங்கும் சீட்டுக்களைத்தான். இலக்கணப் புஸ்தகத்தில் இல்லாத நுட்பங்களெல்லாம் அவற்றில் இருக்கின்றன.

"ஆர்ட் ஸில்க்" என்பதைக் கலைநயம் வாய்ந்த பட்டு என்றுதானே நம் பையன்கள் மொழிபெயர்ப்பார்கள்? உண்மையில் அந்த 'ஆர்ட்', 'ஆர்டிபிஷியல்' என்பதன் வால் அறுந்த உருவம். மரக்கூழிலிருந்து எடுக்கும் ரேயான் முதலிய செயற்கை நூல் அது. பட்டுப் பூச்சிக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது!

ஜரிகை விஷயம் இன்னும் விசித்திரம். "ரியல் ஜரி" என்றால் பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. "டெஸ்டட் ஜரி" என்றதும், பரீக்ஷித்துத் தேறியது என்று மனசு திருப்தியடைகிறது. பரீக்ஷை எழுதினவன் வேறு, தேறினவன் வேறு என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். பெரும்பாலும் உள்ளே இருப்பது செம்பு. மேலே வெள்ளிப் பூச்சு. "ப்யூர் ஸில்க் ஜரி ஸாரி" என்ற தொடரிலோ, 'ப்யூர்' என்பது பட்டோடு நின்றுவிடும், ஜரிகையைத் தொடாது.

முத்திரைகளிலும் இந்தப் பேதம் உண்டு. 2004-ல் வந்த "ஸில்க் மார்க்" பட்டுக்கு மட்டுமே சாக்ஷி. தறியைப் பற்றி வாய் திறக்காது. கைத்தறிக்குச் சாக்ஷி 2006-ல் வந்த "ஹாண்ட்லூம் மார்க்". "காஞ்சீபுரம் ஸில்க்" என்ற பெயர் 2005-ல் புவிசார் குறியீடு பெற்றது. "காஞ்சி டைப்" என்பதோ எந்த ஊர் விசைத்தறியிலும் பிறக்கலாம்.

அந்த 'டைப்' என்ற ஒரு சொல்லில் பிள்ளையார்பாளையத்து நெசவாளியின் சாப்பாடு அடங்கியிருக்கிறது. கோர்வைப் புடைவையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடா. நெசவாளிக்குப் பக்கத்தில் துணையாள் ஒருவர். இழைக்கு இழை கரையை உடலோடு கோத்து, நாள் கணக்கில் நெய்கிறார்கள். அருகே மலிந்த 'டைப்' பளபளத்தால், அந்த உழைப்புக்கு யார் கூலி தருவார்கள்?

ஆகையால் கலியாணப் புடைவை எடுக்கப் போகும் தாய்மார்கள் "ஒரிஜினல்தானே?" என்று பொதுவாகக் கேட்க வேண்டாம். பட்டு எது, ஜரிகை எது, தறி எது, நெய்த ஊர் எது என்று நான்கு கேள்விகள் கேட்டு, நான்கு பதில்களையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். தமிழில் எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.