அண்ணாச்சி கடைப் பக்கம்

1993-இல் நவி மும்பையில் பேலாப்பூர் வரை ரயில் வந்தபோது, நாங்கள் இருந்த நெருளில் நகரமைப்பு நிறுவனமான சிட்கோ கட்டிய மாடி வீடுகள்தான் இருந்தன, கடைகள் குறைவு. தமிழ்ச் சாமான் வேண்டுமென்றால் மும்பை மாட்டுங்காதான். ஞாயிறு காலை குர்லாவில் இறங்கி, வண்டி மாறிப் போவோம். அங்கே மைசூர் கன்செர்ன்ஸ் காபிக் கடையில் பீபரியும் பிளாண்டேஷனும் கலந்து, சிக்கரி எவ்வளவு என்று கேட்டு அரைத்துக் கொடுப்பார்கள். சூடு ஆறாத அந்தப் பொட்டலத்தை அம்மா மடியில் வைத்துக்கொண்டு திரும்புவாள். பெட்டியில் இருப்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். ஆஸ்திக சமாஜம் கோயில் பக்கம் வாங்கிய மல்லிகைப் பூவைக்கூட அந்த வாசனை அமுக்கிவிடும்.

பிறகு எங்கள் செக்டரிலேயே திருநெல்வேலிக்காரர் ஒருவர் கடை போட்டார். ஒரு ஷட்டர் அகலம். வாசலில் சின்ன வெங்காயம், வாழைப்பூ, முருங்கைக்காய். உள்ளே அப்பளம், மோர்மிளகாய், நோட்டில் கணக்கு. அம்மாவுக்கு இந்தி ஒட்டவே இல்லை. காய்க்கார பையாவிடம் விரலைக் காட்டித்தான் விலை பேசுவாள். அண்ணாச்சி கடைக்குப் போனால் மட்டும் அரைமணி நேரம் வாய் ஓயாது. விடிகாலையில் ரப்பர் ஹாரனை அழுத்திக்கொண்டு சைக்கிளில் இட்லி கொண்டு வருபவரிடமும் அப்படித்தான். அலுமினியப் பாத்திரத்தைத் திறந்து சட்னி ஊற்றுவதற்குள் ஊர் மழை வரைக்கும் விசாரித்துவிடுவாள்.

2016 ஜூலையில் அமேசான் பிரைம் இந்தியாவுக்கு வந்தது, வருடத்துக்கு 499 ரூபாய். நானும் சேர்ந்தேன். பிறகு 999 ஆயிற்று. 2021 டிசம்பரில் 1499. காபிப் பொடி, பருப்பு, பூஜைச் சாமான் எல்லாம் வாசலுக்கே வந்தன. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அம்மா படியிறங்குவது நின்றுபோனது. பெட்டியைக் கொடுத்துவிட்டு ஓடும் பையனுக்கு நிற்க நேரம் ஏது, பாவம். வெளியாளோடு ஒரு வார்த்தை தமிழ் பேசாமலே அவளுக்கு வாரங்கள் கழிந்தன. விலை ஏறியதைவிட எனக்கு உறுத்தியது அதுதான்.

போன தடவை சந்தா முடிந்ததும் விட்டுவிட்டேன். மின்சாதனம் ஏதாவது வேண்டுமென்றால் வாஷியில் நேரில் பார்த்து வாங்குகிறோம். ஒன்றிரண்டு பொருளுக்குக் காசு கூடத்தான் ஆகிறது, ஆகட்டும். மளிகைக்கு மறுபடி அண்ணாச்சி கடைதான். அம்மாவைக் கைப்பிடித்து அங்கே அழைத்துப்போன முதல் நாள், அண்ணாச்சி கல்லாவை விட்டே எழுந்து வந்தார். “ஏன்க்கா, ஆளையே காணோம்? ஊருக்குப் போயிட்டியளோன்னு நெனச்சேன்.” ஸ்டூலை இழுத்துப் போட்டார். வாழைப்பூவின் மடலை விரித்துக் காட்டி, “நேத்துதான் வந்துச்சு, கறுக்கவே இல்ல பாருங்க” என்றார். இப்போது லிஸ்ட் எழுதுவது அம்மா. மூட்டையைக் கடைப் பையன் மேலே கொண்டுவந்து வைக்கிறான்.

செம்பூரிலோ தாராவியிலோ நெருளிலோ வயதான அப்பா அம்மாவோடு இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: சந்தாவைப் புதுப்பிக்கும் முன், ஒரு மாதச் சாமானைத் தெருக்கடையில் வாங்கிப் பாருங்கள். அவர்களையும் கூட அழைத்துப் போங்கள்.